அண்ணியின் மனம் கோணாமல்

கிட்னி கொடுத்தவரின் மனம் கோணக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த ஆறு மாதத்துக்கு என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறது என்று. ஏனென்றால் கொடுத்தவர் என் நாத்தனார்.

என் கணவர் குணாளன் திண்டுக்கல்லில் மின்பேருந்துப் பணிமனையில் போர்மேன். இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய் ஒன்றரை வருடம் டயாலிசிஸில் கிடந்தார். என்னுடையதைக் கொடுக்கிறேன் என்று நான்தான் முதலில் போய் நின்றேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே போடியிலிருந்து அவருடைய அக்கா செண்பகவல்லி வந்து இறங்கினாள். "என் தம்பிக்கு நான் குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். அந்த வேற யாரு என்பது நான்தான்.

வாயால் அவளை நான் அண்ணி, வாங்க போங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவள் இவள்தான்.

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் ரிஸ்வானா எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"முன்னாடியெல்லாம் வச்ச கிட்னிய உடம்பு எதிரின்னு நெனச்சு அடிச்சிராம இருக்க, ஆயுசு பூரா மாத்திரை குடுத்து உடம்போட காவலையே மந்தமாக்கி வைப்போம். அதனால சின்னச் சளி வந்தாக்கூட தாங்காது. இப்ப நாம செய்யப்போறது பழக்குமுறை. காவக்காரனத் தூங்கவைக்கப் போறதில்ல. 'இது நம்ம வீட்டு ஆளுதான்'னு அவனுக்கு அடையாளம் காட்டப் போறோம்."

"எப்படி டாக்டர் காட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"தெனம் சாயங்காலம் அரைமணி நேரம் அக்காவும் தம்பியும் பக்கத்துல உக்காந்து கையில பட்டை கட்டிக்கணும். அக்கா ரத்தத்துலருந்து கொஞ்சூண்டு செல்லு தம்பி உடம்புக்குள்ள போகும். ஆறு மாசம் தெனமும் பாத்தா யாராயிருந்தாலும் பழகிரும்ல? அதுக்கப்புறம் மாத்திரையே வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. அந்த நேரத்துல குடுக்கறவங்க மனசு நிம்மதியா இருக்கணும். கோபம், வருத்தம், எரிச்சல் எது இருந்தாலும் அதுவும் ரத்தத்துல கலந்து போகும். 'இது வந்தா ஏதோ ஆபத்து'ன்னு இவர் உடம்பு தப்பாப் படிச்சிரும். அப்புறம் கிட்னிய அடிக்க ஆரம்பிச்சிரும்."

பட்டையில் ஒரு சின்ன விளக்கு இருந்தது. கொடுப்பவருக்கு நிம்மதி என்றால் பச்சை, கலக்கம் என்றால் மஞ்சள், சிவப்பு வந்தால் உடனே கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும்.

"வீட்ல எல்லாத்தையும் பாத்துக்கறது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"அப்ப உங்ககிட்டதான் சொல்றேன். இவங்க மனசு கோணாம பாத்துக்கங்க."

நாத்தனாரின் மனம் கோணக் கூடாது என்பதற்கு டாக்டர் சீட்டு வாங்கிய முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். ஏற்கனவே என் தாலியில் என் கணவர் போட்டது ஒரு முடிச்சு, நாத்தனார் முறைக்கு அவள் போட்டது இரண்டு. இப்போது கிட்னியும் அவளுடையது, ரத்தமும் அவளுடையது என்றால் எனக்கு என்னதான் மிச்சம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

மிச்சமிருந்தது வேலை. காலையில் எழுந்ததும் அவருக்கு எடை பார்க்க வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீர் வெளியே வருகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பச்சைக் காய்கறி கிடையாது, கடைச் சட்னி கிடையாது, பம்பளிமாஸ் பழம் கிடையவே கிடையாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான். மண்ணில் பூஞ்சை இருக்கும் என்பதால் என் ரோஜாத் தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குள் வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, கை கழுவவைத்து, முகக்கவசம் மாட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

அப்படி நான் கவசம் மாட்டி அனுப்பியவர்கள் எல்லோரும் உள்ளே போய் என்ன சொன்னார்கள் தெரியுமா? "செண்பகம், உன்னை மாதிரி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்? நீதான் அவனுக்கு ரெண்டாவது தாய்." அவருடைய சித்தப்பா ஒருவர் அவள் காலிலேயே விழப்போனார், தான் வயதில் மூத்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை. நான் காபி கொண்டுபோய் வைத்தால், "என்னம்மா, நல்லாருக்கியா?" என்று ஒரு வார்த்தை. அளவு ஜாடியைக் கழுவுகிறவளுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் அவர்கள் இருவரும் அவர் அறையிலிருந்த சோபாவில் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்வார்கள். அவள் ஏதாவது ஆரம்பிப்பாள். "அந்த மேட்டுத் தெரு வீட்ல ஒனக்கு அம்மை போட்டப்ப..." என்பாள். அவர் கண்ணை மூடிச் சிரிப்பார். அவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான், எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடமாகிறது. அந்தக் கதைகள் எதிலும் நான் கிடையாது. கதவோரம் நின்று பார்த்தால் பட்டையில் பச்சை அப்படி எரியும். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெறும் பொறாமைதான், வேறு பெயர் சொல்லி அதைப் பூசி மெழுக நான் தயாராக இல்லை.

அதற்காக அவளை நான் ஒரு சொல் சொன்னதில்லை. அவளுக்குப் பிடித்த எண்ணெய்க் கத்தரிக்காய் வாரம் இருமுறை, அவள் பார்க்கும் சீரியல் சத்தமாக, அவள் படுக்க எங்கள் படுக்கையறை. நான் கூடத்தில் பாய் விரித்தேன்.

இரண்டாம் மாதம் விளக்கு மஞ்சளானது. ஒரு நாள் என்று விட்டோம். அடுத்த நாளும் மஞ்சள். ரத்தப் பரிசோதனையில் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. டாக்டர் போனில், "இப்படியே போனா கஷ்டம். வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். என் கணவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்காகிட்ட ஏதாவது சொன்னியா?"

"நான் என்ன சொன்னேன்?"

"இல்ல, கேட்டேன். உன் மொகத்துலயே தெரியும்ல. மூணு நாளா உர்ருன்னு இருக்க."

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை என் கையில் பட்டை கட்டிப் பார்த்திருந்தால் சிவப்புக்கு மேல் ஒரு நிறம் வந்திருக்கும். "எனக்கு மனசுல ஒண்ணுமே இல்லையேப்பா. பரிமளா நல்லாத்தான் பாத்துக்கறா. ஏன் இப்படிக் காட்டுதுன்னு தெரியல" என்று அவள் கண்கலங்கினாள். அவள் நடிக்கவில்லை. அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

சரி, யார் கோணவைக்கிறார்கள் என்று நானே பார்த்துவிடுகிறேன் என்று மறுநாளிலிருந்து விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், பச்சை. நான் சுண்டல் கிண்ணத்தோடு உள்ளே போனேன், அப்போதும் பச்சைதான். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, "பரிமளா, உப்பே போடாம இவ்வளவு ருசியா எப்படிடி பண்ற? இவ இல்லேன்னா நான் கிட்னி வச்சும் தேறியிருக்க மாட்டேன்க்கா" என்றார். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "ஆமாமா, கெட்டிக்காரி" என்றுகூடச் சொன்னாள். விளக்கு மஞ்சளானது.

மறுநாள் நான் அறைக்குள் போகவே இல்லை, கதவோரமே நின்றேன். "பரிமளா, இங்க வாயேன்" என்று அவர் கூப்பிட்டார், மஞ்சள். அதற்கடுத்த நாள் தலைவலி என்று, கதவு வழியாக விளக்கு தெரிகிற மாதிரி கூடத்தில் படுத்துக்கொண்டேன். "அவளுக்கு என்னாச்சுன்னு தெரியலயே" என்று அவர் நாலு தடவை சொன்னார், மஞ்சள் சிவப்புக்குப் பக்கத்தில் போயிற்று. பயந்துபோய் எழுந்து ஓடினேன். ஓடிய வேகத்தில் பார்த்தால் அவர் குடிக்கவேண்டிய தண்ணீர் ஜாடி அப்படியே நிறைய இருந்தது.

"காலைலருந்து தொண்டை கிழியக் கத்துறேன், குடிங்க குடிங்கன்னு. ஒரு சொட்டு குடிக்கல. யாருக்காக இதெல்லாம் பண்றேன் நானு?"

"ஏய், சும்மா நைநைன்னு உசிர வாங்காத" என்று அவரும் எகிறினார்.

பச்சை! இரண்டு மாதத்தில் அப்படியொரு பச்சையை நான் பார்த்ததில்லை. அவள் மெதுவாக அவர் தோளைத் தட்டி, "விடுப்பா, பொம்பளப் புள்ளகிட்ட அப்படிப் பேசாத" என்று எனக்காகப் பரிந்து பேசினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். அது அவளுக்கே தெரியவில்லை, பட்டைக்குத் தெரிந்திருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், அன்று முழுக்க எனக்கு ஒரே கொண்டாட்டம். அடுப்படியில் பாட்டு முணுமுணுத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, அவள் பொறாமை போய்ச் சேர்வது அவர் உடம்பில்.

அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவரிடம் சொன்னேன். நம்பவில்லை.

"அக்காவா? போடி. அது என்னயத் தூக்கி வளத்தது."

"அதனாலதாங்க. தூக்கி வளத்த புள்ளைய இன்னொருத்தி பக்கத்துல பாத்தா எப்படி இருக்கும்? ஒரு நாள் சோதிச்சுப் பாருங்க. சாயங்காலம் என்னயத் திட்டுங்க."

"எதுக்குன்னு திட்டுறது?"

"இருபது வருசத்துல ஒண்ணுகூடவா கெடைக்காது?"

கிடைத்தது. அன்று என் அண்ணன் வாங்கிக் கொடுத்த மிக்சியிலிருந்து ஆரம்பித்தார். விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தது. அப்புறம் தினமும் அதுதான் வைத்தியம். பட்டை கட்டியதும் நான் ஏதாவது ஒன்றை இழுப்பேன், அவர் பாய்வார், நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். அவள் அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, பட்டையைக் கழற்றியதும் என்னிடம் வந்து, "ஆம்பளைங்க நோவுல இருந்தா அப்படித்தான்மா. நீ மனசுல வச்சுக்காத" என்பாள். ஒரு நாள் என் தலையைப் பிடித்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது, நான் தோற்றுக்கொண்டிருந்தால் போதும்.

கிரியாட்டினின் இறங்கியது. "என்னம்மா பண்ணீங்க? பிரமாதம்" என்றார் டாக்டர். "சும்மா, வீட்டக் கொஞ்சம் அனுசரிச்சு வச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாத்தனாருக்குப் பொறாமை என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

நாலாவது மாதம் திட்டுவதற்குப் புதிதாக எதுவும் இல்லாமல் போயிற்று. அன்று அவர், "ஒடம்பு பூரா சர்க்கரைய வச்சுக்கிட்டு ஒண்ணுக்கும் ஒதவாம நின்னவதானே நீ. ஆபத்துக்கு வந்தது எங்கக்கா" என்றார். பச்சை பளிச்சென்று எரிந்தது. நான் மூக்கைத் துடைக்கவில்லை, நடிப்பதற்கு அன்று தேவை இருக்கவில்லை. பிற்பாடு பாத்ரூம் பக்கம் வந்து, "அது சும்மாடி, வாய்க்கு வந்ததச் சொன்னேன்" என்றார். வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அவருடைய கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை.

ஆறு மாதம் முடிந்தது. எல்லாப் பரிசோதனையும் ஒழுங்காக இருந்தது. "பழகிருச்சு. இனிமே அக்கா ஊருக்குப் போகலாம். இவர் மட்டும் கொஞ்ச நாளைக்குப் பட்டையப் போட்டிருக்கட்டும், இனிமே அந்த வெளக்கு அவர் உடம்போட நெலமையக் காட்டும்" என்றார் டாக்டர். போடி பஸ்ஸில் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் கோவக்காரன். நீதான் பொறுத்துப் போகணும்" என்று அழுதாள். நானும் அழுதேன். பஸ் திரும்பியதும் நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படுக்கையறையைத் துடைத்து, விரிப்பை மாற்றி, என் தலையணையைப் பழைய இடத்தில் போட்டேன். சாயங்காலம் சோபாவில் அவள் உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ரொம்பப் பாடுபட்டுட்ட பரிமளா" என்றார். நான் அவர் தோளில் சாய்ந்தேன். எத்தனை நாள் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கைப்பட்டையைப் பார்த்தால், மஞ்சள்.

பட்டை பழுதாகியிருக்கும் என்றார். மறுநாளும் மஞ்சள். நான் பக்கத்தில் வந்தால் ஏறுகிறது, எழுந்து போனால் இறங்குகிறது. வாரக் கடைசியில் கால் வீங்கி, காய்ச்சலும் அடித்தது. வண்டி பிடித்து மதுரையிலிருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கிரியாட்டினின் இரண்டு மடங்காகியிருந்தது.

இந்த முறை டாக்டர் ரிஸ்வானா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டார். சண்டை வைத்தியத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"இத முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கணும்மா. அந்தக் கிட்னிய மட்டுமா அவர் உடம்பு படிச்சிருக்கு? எப்ப அக்காவோட நிம்மதி வந்துச்சு, அந்த நேரத்துல இவரு எந்த நெலமைல இருந்தாரு, எல்லாத்தையும் சேத்துப் படிச்சிருக்கு. உங்ககூடச் சண்டை போட்டுட்டிருந்தா, 'சரி, நம்ம ஆளுதான், ஆபத்தில்ல.' உங்ககூட அன்பா இருந்தா, 'யாரோ வந்துட்டாங்க, அடி.' அப்படித்தான் பழகியிருக்கு."

"மறக்கவைக்க முடியாதா டாக்டர்?"

"இப்போதைக்கு வழி தெரியல."

நாத்தனார் ஊருக்குப் போய்விட்டாள், அவள் பொறாமை இவர் இடுப்புக்குள்ளேயே குடியிருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் டாக்டர். "ஒண்ணு, இப்படியே இருக்கறது. வீட்ல தள்ளியே இருங்க, அப்பப்ப சண்டை போட்டுக்கங்க. கேக்கறதுக்குக் கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா கிட்னி ரொம்ப வருசம் ஓடும். இன்னொண்ணு, பழைய மாத்திரை. காவல மொத்தமா மந்தமாக்கிட்டா அது எதையும் கண்டுக்காது. ஆனா ஆயுசு பூரா வேளை தவறாமப் போடணும். தொற்று சுலபமா வரும். எலும்பு தேயும். சளி பிடிச்சாலே இங்க ஓடி வரணும். கிட்னியும் அவ்வளவு வருசம் வராது. நீங்கதான் முடிவு பண்ணணும்."

சண்டையே போடுவோம் டாக்டர் என்று ஒரு நல்ல மனைவி சொல்லியிருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மாத்திரை என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. எனக்கு மாத்திரைதான் வேண்டியிருந்தது. அவர் கொஞ்சம் குறைவாக வாழ்ந்தாலும் என்னோடு வாழவேண்டும் என்று இருந்தது. இப்படி நினைக்கிறவள் மனைவியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அவர்தான் பேசினார்.

"மாத்திரையே எழுதுங்க டாக்டர்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. இவகிட்டச் சண்டை போட என்கிட்ட வேற விஷயம் இல்ல. கடைசியா ஒண்ணச் சொல்லி அதுவே இன்னும் என் தொண்டையில நிக்குது."

அன்றிலிருந்து காலையும் இரவும் மாத்திரை. குறித்த நேரத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் கையால் பிரித்து, என் கையால் தருகிறேன். அவர் உயிர் இப்போது என் உள்ளங்கை வழியாகத்தான் உள்ளே போகிறது. மருந்துக்கடைக்காரர், "பாவம், கடைசில மாத்திரைக்கே வந்துட்டீங்களா" என்று வருத்தப்பட்டார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டேன்.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையும் டம்ளருமாகப் போகும்போது போன் அடித்தது. போடியிலிருந்து அவள்.

"மாத்திரை போடுறானாமே? சித்தப்பா சொல்றாரு. நான் இருந்தவரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தானே இருந்துச்சு? அவன நம்பி உங்கிட்ட விட்டுட்டு வந்தேன். என்ன பண்ணித் தொலச்ச?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உங்க பொறாமைதான் அண்ணி, உங்க தம்பி என்னைத் தொட்டா உங்க கிட்னிக்குப் பொறுக்கல. இருபது வருடமாக நான் காத்திருந்த சந்தர்ப்பம். சொன்னால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள். ஒரு கிட்னியோடு போடியில் தனியாக உட்கார்ந்து, தான் கொடுத்ததுதான் தம்பியைக் கெடுத்தது என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். மாத்திரையையும் டம்ளரையும் அடுப்படி மேடையில் வைத்தேன்.

"என் கவனக்குறைவுதாங்க அண்ணி. சளி பிடிச்சவங்கள உள்ள விட்டுட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க குடுத்தது நல்லாத்தான் இருக்கு."

மறுமுனையில் அவள் அழும் சத்தம் கேட்டது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சரி விடு. நீயும்தான் என்ன பண்ணுவ, ஒத்த ஆளா. அவன் இனிமே உன் பொறுப்பு, பாத்துக்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனையும் மாத்திரையையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"யாரு போன்ல?"

"உங்கக்கா."

"அழுதுச்சா?"

"கொஞ்சம்."

அவர் முகம் மாறியது. என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். "அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நீ சாப்டியா?" என்று உள்ளே ஆரம்பித்தது. அப்புறம் மேட்டுத் தெரு வீடு வந்தது, சிரிப்புச் சத்தம் வந்தது. மாத்திரை வேளை தாண்டிக்கொண்டிருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் டம்ளரோடு நான் நின்றேன்.